முகவாய் தேய்ந்த ஹெல்மெட்

போன ஐப்பசியில், அடைமழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலை நேரம், முருங்கப்பாக்கத்தைத் தாண்டிக் கடலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. குறுக்கே ஒரு நாய் வந்தது. பிரேக் பிடித்த இடத்தில் மழை அடித்துக்கொண்டு வந்த மணல். வண்டி இடதுபுறம் சாய்ந்தது, நானும் கூடவே போனேன். டீக்கடையில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து தூக்கினார்கள். முழங்காலில் வீக்கம், உள்ளங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர்களில் ஒருவன்தான் சொன்னான்: "ஐயா, ஹெல்மெட்டக் கழட்டிப் பாருங்க."

கழற்றிப் பார்த்தேன். இடதுபக்க முகவாயில் நாலு விரற்கடை அகலத்துக்குப் பெயிண்ட் சுத்தமாகப் போய், உள்ளே வெளுப்பாகத் தெரிந்தது. தார் ரோடு தேய்த்தது அந்த இடத்தை. ஹெல்மெட் இல்லாவிட்டால் என் தாடையைத் தேய்த்திருக்கும்.

சென்னையிலிருந்து மகன் பேசினான். "எழுபத்திநாலு வயசுல பைக் எதுக்குப்பா? ஆட்டோ வெச்சுக்கோங்க." என் மனைவி எதுவும் பேசவில்லை, ஸ்பிளெண்டர் சாவியை எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தாள். கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் அது ஒரு வாரம் கிடந்தது எனக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பென்ஷன்காரர் நண்பர்களோ வேறு விதம். "பெயிண்ட்தானே போயிருக்கு? ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா சரியாயிடும்" என்றார்கள்.

ஆகக் கேள்விகள் மூன்று. இனி வண்டி ஓட்டுவதா? ஓட்டினால் இதே ஹெல்மெட்டா, புதிதா? புதிது என்றால் இருபது வருஷமாக வாங்கிய அதே கம்பெனியா, வேறா? குமாஸ்தாவாக முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன்பும் பழைய கோப்பைக் கேட்பான். நானும் ஹெல்மெட்டின் பழைய கோப்பைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 'காஸ்க்' என்ற சொல் ஹெல்மெட்டுக்கு முன்பே இருந்தது. தாத்தாவுக்குக் காஸ்க் என்றால் வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் போட்ட நெட்டித் தொப்பி. அப்படி ஒன்று எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுப் பரணில் கரையான் அரித்துக் கிடந்தது. கல்வே காலேஜில் பிரெஞ்சு வழியில் படிக்கும்போது எனக்குக் காஸ்க் என்றால் வரலாற்றுப் பாடத்துச் சிப்பாயின் இரும்புக் கவசம். மோட்டார் சைக்கிள் காஸ்க்கை முதன்முதலில் பார்த்தது 1979இல், சித்தப்பா லீவில் வந்தபோது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, ஓய்வுக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டவர். மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவர் பெரிய உருண்டை டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'காஸ்க் அந்தெக்ரால்', முழு ஹெல்மெட். தெருப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நிலாவில் நடப்பதுபோல் நடந்தார்கள். நான் மாட்டிப் பார்த்து, "சித்தப்பா, இது அடுப்புக்குள்ள தலைய விட்டது மாதிரி இருக்கு" என்றேன். அந்த வார்த்தையைப் பின்னால் பல பேரிடம் சொன்னேன். அதைப் பற்றிப் பிறகு.

சித்தப்பா அப்போது சொன்ன ஒரு செய்தி மறக்கவே இல்லை. தெற்கு பிரான்சில் மசாமே என்று ஒரு சின்ன ஊர். ஜனத்தொகை பதினாறாயிரத்துச் சொச்சம். 1972இல் பிரான்ஸ் முழுக்க ரோட்டில் செத்தவர்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. 1973 மே 17ஆம் தேதி, தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டதற்காக, அந்த ஊர் மக்கள் கடையை விட்டு, பட்டறையை விட்டு வெளியே வந்து, தெருவெல்லாம் செத்தவர்கள்போலப் படுத்தார்கள். ஒரு வருஷத்துச் சாவு என்பது ஒரு முழு ஊர் காலியாவது என்று நாடு கண்ணால் பார்த்தது. அதே ஆண்டு ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட்டும், காரின் முன் சீட்டுக்கு பெல்ட்டும் கட்டாயமாயின. முதலில் ஊருக்கு வெளியே மட்டும், உள்ளே சில ஆண்டுகள் கழித்து. இங்கிலாந்திலும் அதே 1973இல்தான் சட்டம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, தலைப்பாகை கட்டும் சீக்கியருக்கு அங்கே விலக்குக் கொடுத்துத் தனிச் சட்டமே போட்டார்கள்.

ஆனால் ஹெல்மெட் தலையைக் காக்கிறது என்பது 1973க்கு வெகுகாலம் முன்பே கணக்காகிவிட்ட விஷயம். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்தவர்களுக்கு ஆரம்பக் காட்சி நினைவிருக்கும், மோட்டார் சைக்கிள் விபத்து. நிஜத்தில் அது 1935 மே 13, இங்கிலாந்தின் டார்செட் பகுதி. சைக்கிளில் வந்த இரண்டு பையன்களைத் தவிர்க்கப்போய் லாரன்ஸ் தன் பிரஃப் சுப்பீரியர் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலையில் எதுவும் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து 19ஆம் தேதி இறந்தார். அவரைப் பார்க்க வரவழைத்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பேர் வாங்கிய மூளை அறுவை நிபுணர். லாரன்சைக் காப்பாற்ற முடியவில்லை.

பிறகு உலகப்போர் வந்தது. விளக்கணைத்த இருட்டு ரோடுகளில் ராணுவத் தபால்காரர்கள் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். போருக்கு முந்தைய 21 மாதத்தில் பிரிட்டிஷ் ரோடுகளில் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்தவர்கள் 1,884 பேர். போர் தொடங்கிய பிறகு அடுத்த 21 மாதத்தில் 2,279. கேர்ன்ஸ் இதையெல்லாம் சேர்த்து 1941இல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஹெல்மெட் போட்டிருந்து அவரிடம் வந்த தலைக்காயக்காரர்கள் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள். ஏழை வைத்துக்கொண்டு எதையும் சத்தியம் செய்ய முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் எழுதியதை ராணுவம் கேட்டது. அந்த வருஷமே ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. சாதாரண ஜனங்களுக்கு அந்தச் சட்டம் வர இன்னும் 32 வருஷம் ஆனது. கோப்பு நகரும் வேகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்று எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

அந்தக் கால ஹெல்மெட் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். மேலே கெட்டி ஓடு, உள்ளே தலை ஓட்டில் இடிக்காமல் இருக்க வார்ப்பட்டைத் தொட்டில். ஓடு கெட்டியாக இருந்தால் போதும் என்ற நினைப்பு. அந்த நினைப்பை மாற்றியது கலிபோர்னியாவில் விமானிகளுக்காக நடந்த ஆராய்ச்சி. ராத், லம்பார்ட் என்ற இருவர் 1953இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில், இடிபட்டால் நசுங்குகிற ஓர் அடுக்கு.

இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கலிபோர்னியா வேண்டாம், தென்னந்தோப்பு போதும். நெற்று மரத்திலிருந்து மட்டையோடு விழுந்தால் உள்ளே தேங்காய் உடைவதில்லை. அதே தேங்காயை உரித்து அதே உயரத்திலிருந்து போட்டால் சிதறிவிடும். ஓடு இரண்டிலும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் நார்தான் வித்தியாசம். நார் அமுங்குகிற அந்தக் கண்ணிமைக்கும் நேரம் அடியை மெல்லமாக்குகிறது. ஹெல்மெட்டின் நார், நாம் டிவி டப்பாவுக்குள் பார்க்கிற தெர்மோகோலின் கெட்டி வகை. வெளி ஓடு கூர்மையான கல் உள்ளே இறங்காமல் தடுக்கும், அடியைப் பரப்பிக் கொடுக்கும். உயிரைக் காக்கும் வேலை தெர்மோகோலுடையது. ஆனால் தேங்காய் நார் அமுங்கி மறுபடி எழும்பும். தெர்மோகோல் எழும்பாது. ஒரு தடவைதான். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அந்த இடம் செத்திருக்கும்.

ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

1956இல் பீட் ஸ்னெல் என்ற அமெரிக்கப் பந்தயக்காரர் ஹெல்மெட் போட்டிருந்தும் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் நண்பர்கள் அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து, கடையில் விற்கும் ஹெல்மெட்டுகளைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹெல்மெட்டைத் தர நிர்ணயம் செய்யும் வேலை இப்படிச் சாவு வீட்டிலிருந்தே கிளம்பியிருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் முகம் திறந்த ஹெல்மெட். முகவாயை மூடியது பெல் என்ற கம்பெனி. கலிபோர்னியாவில் கார் உதிரிப்பாகம் விற்ற கடை அது. அதன் முதலாளி ராய் ரிக்டர் 1950களில் பந்தயக்காரர்களுக்கு ஹெல்மெட் செய்ய ஆரம்பித்து, 60களின் பிற்பாதியில் 'பெல் ஸ்டார்' என்ற முழு ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். கார்ப் பந்தயக்காரர் டான் கர்னி நெட்டை ஆள், காரின் கண்ணாடிக்கு மேலே முகம் நீட்டிக்கொண்டிருக்கும், பறக்கிற கல்லெல்லாம் அவருக்குத்தான். 1968இல் ஜெர்மன் கிராண்ட் பிரீயில் அவர் அதை மாட்டிக்கொண்டு இறங்கினார். சில வருஷத்தில் எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள். ஹானோவரில் விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளைச் சேகரித்து எங்கெங்கே அடி விழுந்தது என்று படம் போட்டுப் பார்த்தார் ஓட்டே என்ற ஆராய்ச்சியாளர். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், முகவாய்ப் பகுதியில்.

இந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

1980களின் நடுவில், செக்‌ஷனில் எனக்கு அடுத்த மேஜை நண்பர் வில்லியனூரிலிருந்து தினம் சுவேகாவில் வருவார். சுவேகா தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு மொபிலெத்தின் திருப்பதிப் பிள்ளை, பெடல் போட்டுக் கிளப்பும் மொபெட். அவர் ஹெல்மெட் வாங்கப் போகும்போது, ஊரில் முதலில் ஹெல்மெட் பார்த்தவன் என்ற ஹோதாவில் என்னைக் கேட்டார். முழுசா, பாதியா? நான் வழக்கமான வசனத்தைச் சொன்னேன். "முழுசு அடுப்புக்குள்ள தலைய விட்டது மாதிரி. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குத் தாங்காது." அவர் பாதி ஹெல்மெட் வாங்கினார். ஓர் இரவு, விளக்கில்லாத மாட்டுவண்டியின் பின்பக்கம். மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாடை மூன்று துண்டு. ஆறு வாரம் கம்பி கட்டி, ஸ்டிராவில் கஞ்சி. பிறகும் அவருக்கு 'ப'வும் 'ம'வும் சரியாக வரவில்லை. நன்றாகப் பாடுவார், அதற்குப் பிறகு பாடவில்லை. "பாதி ஹெல்மெட்டாவது போட்டேனே, உயிர் இருக்கே" என்று என்னிடமே சொல்வார். நான் சொன்னதை அவர் ஒரு தடவையும் குத்திக்காட்டியதில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் நான் முழு ஹெல்மெட் வாங்கினேன். காரணம் கேட்டவர்களிடம் தூசிக்காக என்றேன்.

நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அமல் என்பது வேறு கதை. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் உயர்நீதிமன்ற உத்தரவால் கெடுபிடி. நம் ஊரில் 2019 பிப்ரவரியில் நடந்தது உங்களுக்கே தெரியும். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி நடுரோட்டில் நின்று வெறுந்தலைகளை நிறுத்தினார். முதல்வர் நாராயணசாமி ராஜ் நிவாஸ் வாசலில் கறுப்புச் சட்டையில் தர்ணா உட்கார்ந்தார். அந்தச் சண்டைக்கு வேறு காரணங்கள் இருந்தாலும் ஹெல்மெட்டும் அதில் ஒன்று. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. அந்த வாரம் ரோட்டோரத்தில் குவித்துப் போட்டு விற்ற ஹெல்மெட்டுகள்தான் எனக்குக் கவலை. அபராதத்துக்காக வாங்கிய ஹெல்மெட் அபராதத்தை மட்டும்தான் தடுக்கும். இரண்டு வருஷம் கழித்து, 2021 ஜூன் 1 முதல், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு உத்தரவு வந்தது. தர எண் ஐ.எஸ். 4151. முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று ஓர் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம் என்று சொல்லிவிடும். குமாஸ்தாவுக்கு இதைவிட இன்பம் என்ன? கடையில் நின்று ஆறு ஹெல்மெட்டைப் பரிசோதித்தேன். கடைக்காரப் பிள்ளை பொறுமைசாலி.

இப்போது கம்பெனி விஷயம். இருபது வருஷமாக ஒரே கம்பெனி, மூன்று ஹெல்மெட். பெயர் சொல்லவில்லை. குறை சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை, கண்ணாடி கீறிப்போனால் பழைய மாடலுக்கு வேறு கண்ணாடி கிடைக்காது என்பதைத் தவிர. ஆனாலும் மாறுவது என்றால் ஏதோ துரோகம்போல இருந்தது. கோப்பைப் படித்ததில் அந்த உறுத்தல் குறைந்தது. யாருமே பிறக்கும்போது ஹெல்மெட்காரராகப் பிறக்கவில்லை. பெல், உதிரிப்பாகக் கடை. ஜப்பானின் அராய் குடும்பம் தொப்பி தைத்தது. இத்தாலியின் ஏ.ஜி.வி. போர் முடிந்த கையோடு தோல் இருக்கை செய்ய ஆரம்பித்தது. ஜீனோ அமிசானோ என்ற முதலாளி பெயரும் வலென்சா என்ற ஊர்ப் பெயரும்தான் அந்த மூன்று எழுத்து. மார்சேயின் ஷார்க்கைத் தொடங்கியவர்கள் பந்தயம் ஓட்டிய அண்ணன் தம்பிகள். நம் பக்கம் ஃபரிதாபாத்தின் ஸ்டட்ஸ், பெல்காமின் வேகா. எல்லாரும் கற்றுக்கொண்டு வந்தவர்கள்.

விலையை வைத்தும் தீர்மானிக்க முடியாது. இங்கிலாந்து அரசு 2007 முதல் 'ஷார்ப்' என்ற திட்டத்தில் ஹெல்மெட்டுகளை இடித்துப் பார்த்து ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. அதில் விலை குறைந்தவை சிலவும் ஐந்து வாங்கியிருக்கின்றன. ஐரோப்பிய முத்திரை உள்ள ஹெல்மெட் இங்கேயும் இப்போது கிடைக்கிறது. இ.சி.இ. 22.06 என்பது புதிய தரம், நேரே விழும் அடியோடு சாய்வாக உரசும் அடியையும் சோதிக்கிறது. என் விழுகை சாய்வு வகைதான் என்பதால் அதை விசேஷமாகப் பார்த்தேன். அந்தச் சீட்டில் ஓர் எழுத்தும் இருக்கும். 'பி' என்றால் முகவாய்ப் பகுதி சோதனையில் தேறியது, 'ஜே' என்றால் முகம் திறந்தது. பிரெஞ்சுக்காரர் முகம் திறந்த ஹெல்மெட்டைக் 'காஸ்க் ஜெத்' என்பார்கள்.

கடைசியில் கம்பெனியை முடிவுசெய்தது என் மண்டை. பழைய கம்பெனியின் புது மாடல் என் நெற்றியில் மட்டும் அழுத்தியது, பொட்டுப் பக்கம் விரல் நுழைந்தது. அளவு ஒன்று கூட்டினால் நெற்றி சரி, தலை ஆடினால் ஹெல்மெட் தனியாக ஆடுகிறது. கடைக்காரப் பிள்ளை சொன்னான்: "சார், உங்க தலை முன்னும் பின்னும் நீளம். அவங்க இப்ப உருண்டையா பண்றாங்க." வேறு ஒரு கம்பெனியுடையது கன்னம் லேசாக உப்பும்படி, சுற்றிலும் ஒரே சீராகப் பிடித்தது. பதினைந்து நிமிஷம் போட்டுக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். வலி இல்லை. முகவாயிலும் உச்சியிலும் காற்றுத் துவாரம். பட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கமிருந்து தூக்கிக் கழற்றச் சொன்னேன், கழறவில்லை. சொல்லாமல் விட்டால் பொய்யாகும்: பட்டை மாட்டாத ஹெல்மெட்டோடு ஊரெல்லாம் சுற்றுகிறவர்களில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். உள்ளே செய்த தேதியைப் பார்த்தேன், நாலு மாதம். ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் மாற்றச் சொல்கிறார்கள், அதனால் கடையில் தூங்கிய நாளும் கணக்கில் வர வேண்டும். வாங்கிவிட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். என் மண்டை உங்களுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து பழையதை என்ன செய்வது என்று யோசித்தேன். பேப்பர்காரனிடம் போட்டால் எவனாவது பெயிண்ட் அடித்து யார் தலையிலாவது ஏற்றிவிடுவான். ஹேக்சா எடுத்துக் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அறுத்தேன். அரை மணி நேரம். பேத்தி பக்கத்தில் குந்திக்கொண்டு, "தாத்தா, தர்பூசணி மாதிரி இருக்கு" என்றாள். இரண்டாகப் பிளந்து, துணியை உரித்துப் பார்த்தால், இடது காதுக்கு மேலே வெளி ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில், தெர்மோகோல் கட்டைவிரல் அமுங்கும் அளவுக்குக் குழிந்து, அதிலிருந்து ஒரு விரிசல் மேலே ஓடியிருந்தது. அங்கே அடிபட்டது எனக்கே தெரியாது. முகவாய்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதியை மனைவியிடம் காட்டினேன். குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என் இடது காதுக்கு மேலே அதே இடத்தில் வைத்தாள். உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. சாவி மஞ்சள் வாசனையோடு வந்தது.

"ராத்திரியில எடுக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன்.